கனகாம்பரத்துக்கு மட்டும் கலர்: நம் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நம் மாவட்டப் புகைப்படக் கலைஞர்கள் சங்கத்தின் மூத்த, இளைய உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

போன ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட நாள் போட்டியில் கறுப்பு-வெள்ளைப் பிரிவுக்கு நடுவர்களாக உட்கார்ந்த மூன்று பேரில் நானும் ஒருவன். முதல் பரிசு வாங்கிய படத்துக்கு நான் மார்க் போடவில்லை. மற்ற இருவரும் போட்டார்கள். இரண்டுக்கு ஒன்று என்று முடிந்தது. மேடையில் கேடயம் கொடுக்கும்போது நானும் நின்று கைதட்டி, குரூப் போட்டோவுக்குச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். விழா நேரத்தில் எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் அடுத்த வருடப் போட்டி விதிகளைப் பேசப்போவதாக வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்திருக்கிறது. கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் மைக் கிடைக்கும், அதிலும் பாதி மைக்கைச் சரிசெய்யவே போய்விடும். அதனால் எழுதிவிடுகிறேன்.

படத்தை மறந்தவர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன். கோயில் வாசலில் தரையில் உட்கார்ந்து பூக்கட்டும் ஒரு பாட்டி. மடியில் ஈரத்துணி, துணிமேல் கனகாம்பரக் குவியல். வலது கை விரல்கள் நாரைச் சுற்றி இழுக்கிற அந்த நொடி. முகம், சுருக்கங்கள், பின்னால் கல்தூண், ஓரத்தில் பக்தர்கள் விட்டுப்போன செருப்புகள், எல்லாம் சாம்பல். கனகாம்பரம் மட்டும் பளீரென்று ஆரஞ்சு.

திரையில் அந்தப் படம் விழுந்ததும் மண்டபத்தில் ‘ஓ’ என்று ஒரு சத்தம் எழுந்தது. பரிசை வாங்கிக் கொடுத்தது அந்தச் சத்தம்தான். எனக்குப் பக்கத்தில் இருந்த நடுவர், “கண்ணு நேரா எங்க போகுது பாருங்கண்ணே” என்றார். போகிறது, மறுக்கவில்லை. போன கண் திரும்பி வரமாட்டேன் என்கிறதே, அதுதான் என் வழக்கு.

பிரிண்டை வாங்கிப் பார்த்தேன். 12-க்கு 18 அங்குலம். ஜன்னல் பக்கம் போய் லூப்பை, அதாவது படம் பார்க்கிற பூதக்கண்ணாடியை, வைத்தேன். (லூப் வைத்துப் பார்க்கிற ஆள் இன்னும் இருக்கிறாரா என்று பின்னால் யாரோ சிரித்தது காதில் விழுந்தது. இருக்கிறேன்.) நிறம் எங்கே நிற்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எல்லை வெட்டுகிற மாஸ்க் மோசமில்லை. கட்டைவிரல் ஓரத்தில் மட்டும் பிரஷ் வழிந்து, நகத்தில் பாதி ஆரஞ்சாகியிருந்தது. அவசர வேலையில் யாருக்கும் நடப்பதுதான், அதை விடுங்கள். என்னை உறுத்தியது வேறு. காலை வெயில் அந்தப் பூக்குவியல்மேல் சாய்வாக விழுகிறது. அவ்வளவு பூமேல் வெயில் விழுந்தால் அந்த நிறம் பூவோடு நிற்காது. உள்ளங்கையில் ஏறும். முன்கையின் அடிப்பக்கம் ஒரு சாயல் தட்டும். குனிந்திருக்கிற முகத்தின் மோவாயில்கூட லேசாகப் படியும். பச்சை பெயிண்ட் அடித்த சுவரோரம் வெயிலில் வெள்ளைச் சட்டையோடு ஒருவரை நிறுத்திப் படமெடுத்துவிட்டு, சட்டைக்கு ஒயிட் பேலன்ஸ் பார்க்க முயன்றவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். அந்தப் படத்தில் பாட்டியின் உள்ளங்கை சுத்தமான சாம்பல். அடுப்பு திகுதிகுவென்று எரிகிறது, பக்கத்துச் சுவரில் வெளிச்சமே இல்லை என்பது போல.

இதைத்தான் நடுவர் மேசையில் சொன்னேன். “இதையெல்லாம் யாருண்ணே பார்க்கப் போறா?” என்றார்கள். நாம்தான் பார்க்க வேண்டும், அதற்குத்தானே சால்வை போட்டு உட்கார வைத்தார்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

மேசையில் வந்த இன்னொரு வாதம், “ஸ்பீல்பெர்க்கே செஞ்சிருக்காரு.” செய்திருக்கிறார். 1993-இல் வந்த ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’. மூணேகால் மணி நேரப் படம், கிட்டத்தட்ட முழுவதும் கறுப்பு-வெள்ளை. அதில் ஒரு சின்னப் பெண்ணின் கோட்டு மட்டும் சிவப்பு. அந்தக் கோட்டு வருவதற்குள் நம் கண் வெகுநேரம் சாம்பலிலேயே பழகிக் கிடக்கிறது. அப்புறம் அதே கோட்டை இன்னொரு முறை காட்டுகிறார், பிணங்களை ஏற்றிய வண்டியில். முதல் முறை காட்டிய சிவப்புக்கு அர்த்தம் இரண்டாம் முறைதான் வருகிறது. தனிப் படத்தில் முதல் முறை, இரண்டாம் முறை எல்லாம் ஏது? திறந்ததும் ஆரஞ்சு, மூடும்வரை ஆரஞ்சு.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது. “உலகமே கலர்லதான் இருக்கு. கறுப்பு-வெள்ளையே ஒரு பொய்தானே? முழுப் பொய் சொல்லலாம், முக்கால் பொய் சொல்லக்கூடாதா?” கேட்ட தம்பிக்கு அன்று எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டில் பாட்டு வாத்தியார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது வந்தது. நாலு கட்டைச் சுருதியில் பாடுகிற பாட்டை, குரல் கட்டியிருக்கிற நாளில் ரெண்டரைக் கட்டைக்கு இறக்கிப் பாடலாம். பாட்டு அதேதான், யாரும் ஏமாறவில்லை. ஆனால் முழுப் பாட்டும் இறங்க வேண்டும். பல்லவியில் ஒரு சொல்லை மட்டும் நாலு கட்டையிலேயே விட்டுவிட்டால் கேட்கிறவர் அந்தச் சொல்லில் திடுக்கிட்டு நிமிர்வார், உண்மைதான். அதற்கு நல்ல பாட்டு என்று பெயரில்லை. கறுப்பு-வெள்ளை அப்படி இறக்கிய சுருதி. செய்திப் படங்களைத் திருத்துவதில் கெடுபிடி காட்டும் அசோசியேட்டட் பிரஸ்கூட, படத்தை கிரேஸ்கேலுக்கு, அதாவது முழுச் சாம்பலுக்கு, மாற்றுவதை ஏற்கத்தக்க சிறு திருத்தங்களோடு சேர்த்திருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1950-இல் தொடங்கிய சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு, நாம் ஃபியாப் என்று சொல்வது, இதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. அடர்கறுப்பிலிருந்து வெண்மை வரையிலான சாம்பல் சாயல்களில் இருந்தால் அது மோனோக்ரோம். முழுப் படத்துக்கும் ஒரே நிறத்தில் டோன் கொடுத்திருந்தால், செப்பியா மாதிரி, அதுவும் மோனோக்ரோம்தான். படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் டோன் கொடுத்தாலோ, ஒரே ஒரு நிறத்தைச் சேர்த்தாலோ அது வண்ணப் படம், வண்ணப் பிரிவில்தான் நிற்க வேண்டும். நம்மில் பெயருக்குப் பின்னால் ஏ.எஃப்.ஐ.ஏ.பி. என்று ஃபியாப் பட்டம் போட்டுக்கொள்கிறவர்கள் இந்த வரியைத் தாண்டித்தான் அதை வாங்கியிருப்பார்கள். நம் போட்டி விதித்தாளில் இருப்பது ஒரே வரி: ‘கறுப்பு-வெள்ளைப் படங்கள் மட்டும்’. கனகாம்பரப் படம் எடுத்த தம்பி எந்த விதியையும் மீறவில்லை. மீறுவதற்கு நாம் விதியே எழுதவில்லை.

நான் ஏதோ பழமைவாதி, நிறத்துக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். நான் சாப்பிட்ட சோறே கறுப்பு-வெள்ளைப் படத்தில் நிறம் சேர்த்து வந்ததுதான். எங்கள் அப்பா கையால் கலர் போடுகிறவர்.

1960-களில் எங்கள் ஸ்டுடியோவில் ஓடியது பெரும்பாலும் ஆர்த்தோ ஃபிலிம். டார்க் ரூமில் சிவப்பு விளக்கை எரியவிட்டு, நெகட்டிவ் எழும்பி வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம். எப்படி முடிந்தது என்றால், அந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு தெரியாத ஃபிலிமுக்குக் குங்குமமும் தெரியாது. நெகட்டிவில் அந்த இடம் வெறிச்சென்று இருக்கும், பிரிண்டில் கறுப்பாக விழும். பழைய குடும்பப் படங்களில் பாட்டிமார் பலர் நெற்றியில் மைப்பொட்டு வைத்தது போல இருக்கிறார்களே, அதில் பல குங்குமம்தான். இது நம் ஊர்த் தொல்லை மட்டுமில்லை. 1925-இல் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டீன் ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ என்ற சினிமா எடுத்தபோது கப்பலில் ஏற்றுகிற சிவப்புக் கொடி ஃபிலிமில் கறுப்பாகிவிடும் என்று வெள்ளைக் கொடியை ஏற்றிப் படமெடுத்து, பிரதியில் ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் சிவப்பு தீட்டினார்கள். சாம்பல் படத்தில் ஒன்றுக்கு மட்டும் நிறம் விடுகிற நம் கலர் ஸ்பிளாஷுக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா. அதற்கும் முன்னால், 1840-களில், டாகரோடைப் என்ற அந்தக் காலத்து உலோகத் தகட்டுப் படத்தில் கன்னத்துக்குச் சாயப்பொடி தூவி, அது ஒட்டிக்கொள்ள வாயால் மெல்ல ஊதியிருக்கிறார்கள். 1860-களில் ஜப்பானின் யோகோஹாமாவில், ஃபெலிசே பெயாட்டோ என்ற புகைப்படக்காரரின் ஸ்டுடியோவில் ஓவியர்கள் உட்கார்ந்து பிரிண்ட் பிரிண்டாக கிமோனோவுக்கு நிறம் போட்டார்கள்.

அப்பா செய்கிற விதம் இது. மேட் பேப்பரில் பிரிண்ட் போடுவார், கிளாஸியில் சாயம் வழுக்கும். முதலில் செப்பியா டோன். முகத்தின் சாம்பல் பழுப்பாக மாறினால்தான் மேலே போடுகிற சாயம் தோலாகத் தெரியும், இல்லாவிட்டால் பிணக்களை. சாயம் சின்னப் புத்தகமாக வரும், ஒவ்வொரு தாளும் ஒரு நிறம் தோய்த்து உலர்த்தியது. நகக்கண் அளவு கிழித்துத் தண்ணீரில் போட்டால் கரையும். குச்சியில் பஞ்சு சுற்றி முதல் பூச்சு, அப்புறம் பிரஷ். பிரஷ் முனையை நாக்கில் வைத்துக் கூராக்கிக்கொள்வார். மாலை நேரத்தில் அவர் நாக்கைப் பார்த்து இன்றைக்கு என்ன நிறச் சேலை என்று அம்மா சொல்லிவிடுவார்.

எனக்குப் பத்து, பதினொரு வயதிருக்கும். ஒருநாள் நீலச் சேலை கட்டிய ஒரு பெண்ணின் படத்துக்கு முகம் முடித்து, சேலை முடித்து, கடைசியில் பிரஷை அலசி, தண்ணீரோடு தண்ணீராக இருக்கிற அந்த நீலத்தை மோவாய்க்கு அடியில் தொட்டார். தொட்டது தெரியவே இல்லை. எதற்கு என்று கேட்டேன். “சேலையோட கலர் கழுத்துல கொஞ்சம் ஏறணும்டா. இல்லேன்னா தலையை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கும்” என்றார். கனகாம்பரப் படத்தைப் பார்த்ததும் என் கை தானாக லூப்பைத் தேடியது அந்த ஒரு சொட்டு நீலத்தால்தான்.

அப்பா ஒரே ஒரு முறை, படம் முழுவதையும் கறுப்பு-வெள்ளையாக விட்டு ஒரு இடத்தில் மட்டும் நிறம் போட்டார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அது என் கட்சிக்கு எதிரான சாட்சி. ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார், இறந்துபோன மனைவியின் படத்தைக் கொண்டுவந்தார். சேலை வேண்டாம், முகம் வேண்டாம், குங்குமம் மட்டும் சிவப்பாக வேண்டும். “கறுப்பா இருக்கிறது மனசுக்குச் சங்கடமா இருக்கு” என்றார். அப்பா முதலில் ஒரு பிரிண்டில் போட்டுப் பார்த்து, அடர்த்தி கூடிப்போயிற்று, முகத்தை விட்டுப் பொட்டு முன்னால் வந்து நிற்கிறது என்று ஒதுக்கிவிட்டார். இரண்டாவது பிரிண்டில் சாயத்தை நன்றாகக் கரைத்து, உள்ளே இருக்கிற கறுப்பு தெரிகிற மாதிரி போட்டார். அந்த அம்மாளின் மூக்குத்தண்டில் இரண்டு கறுப்புப் புள்ளி. வேறு ஆளாக இருந்தால் தூசி என்று சுரண்டி எடுத்திருப்பார். அப்பா அதற்கும் ஒரு துளி சிவப்பு வைத்தார். குங்குமம் வைக்கும்போது மூக்கில் உதிர்ந்த துகள். வாத்தியார் படத்தை வாங்கி, பொட்டைப் பார்க்கவில்லை, மூக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அது ஃபிலிம் பார்க்கத் தவறியதைக் கை திருப்பிக் கொடுத்தது. நாம் இப்போது செய்வது வேறு. சென்சார் எல்லா நிறத்தையும் பார்த்து எழுதி வைத்திருக்கிறது. அதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் வழித்துக் குப்பையில் போடுகிறோம்.

இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது, பெரிய பங்கு. டிசைன் செய்து அச்சடிக்கிற கரிஷ்மா கல்யாண ஆல்பம் வந்த புதிதில் கலர் ஸ்பிளாஷ் ஷீட் இல்லாமல் எந்த ஆல்பமும் என் கடையிலிருந்து வெளியே போனதில்லை. 12-க்கு 36 அங்குல ஷீட்டில் மணமக்கள் சாம்பல், மாலை மட்டும் சிவப்பு. ரோஜாவை நீட்டும் மாப்பிள்ளை சாம்பல், ரோஜா சிவப்பு. டிசைனர் பையனிடம் டெம்ப்ளேட்டாகவே இருக்கும், முகத்தை மாற்றி மாற்றி ஒட்டுவான். இதை நான் எப்படிப் பிடித்துக்கொண்டேன் என்பதற்கு ஒரு கதை உண்டு. ஒரு கல்யாணப் பெண், அரக்குச் சிவப்பில் திருபுவனம் பட்டு, கெட்டிப் பச்சை பார்டர். ஒரு ஷீட் கறுப்பு-வெள்ளையில் இருக்கட்டும் என்று மாப்பிள்ளை ஆசைப்பட்டார். மாற்றிக் காட்டினேன். பெண்ணின் அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பார்டர் எங்க தம்பி?” என்றார். பார்டர் இல்லை. சேலையும் பார்டரும் ஒரே சாம்பலாகிப் போயிருந்தன.

காரணம் கணக்கில் இருக்கிறது. நிறத்தைச் சாம்பலாக்கப் பல மென்பொருள்களில் இருக்கிற பழைய சூத்திரம் இது: சிவப்பில் 0.299 பங்கு, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114, மூன்றையும் கூட்டு. நம் கண் பச்சையைப் பிரகாசமாகவும் நீலத்தை மங்கலாகவும் உணர்வதால் இந்தப் பங்கீடு. அரக்குப் பட்டுக்குச் சிவப்பு 200, பச்சை 30, நீலம் 40 என்று வையுங்கள். கூட்டினால் 82. பச்சை பார்டருக்கு அதே வரிசையில் 0, 128, 60 என்று வையுங்கள். அதுவும் 82. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். கண்ணுக்கு அடித்துக்கொண்டு நிற்கிற இரண்டு நிறம், சாம்பலுக்கு வந்ததும் அண்ணன் தம்பி.

அன்றைக்கு எனக்கு இந்தக் கணக்கு தெரியாது. சேலைக்கு மட்டும் கலரைத் திறந்துவிட்டேன். அம்மாவுக்குச் சந்தோஷம், மாப்பிள்ளைக்குச் சந்தோஷம், அடுத்த முகூர்த்தத்தில் அதே ஷீட் வேண்டும் என்று நாலு பேர் கேட்டார்கள். சாம்பலில் பிரிக்கத் தெரியாத இடத்தில் கலரைக் கொண்டுவந்து ஒட்டுப்போட்டேன், அவ்வளவுதான் நடந்தது. சிவப்பு ஃபில்டர் போட்டிருந்தால் சேலை வெளுத்துப் பார்டர் இருண்டிருக்கும், பச்சை ஃபில்டர் போட்டிருந்தால் தலைகீழ். ஃபிலிம் காலத்து ஆட்கள் லென்ஸ் முன்னால் மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் மாட்டிக்கொண்டு அலைந்தது இதற்குத்தான். இப்போது அதே வேலையை லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில், நிறத்துக்கு ஒன்றாக எட்டு ஸ்லைடர்கள் செய்கின்றன. நம்மில் எத்தனை பேர் அவற்றைத் தொட்டிருக்கிறோம்? நான் தொட ஆரம்பிப்பதற்கே ரொம்ப நாளாயிற்று.

பரிசு வாங்கிய தம்பியிடம் வருகிறேன். மனதில் வைத்துக்கொண்டு இருப்பானேன் என்று விழா முடிந்த இரண்டாவது வாரம் போன் செய்தேன். “வாங்கண்ணே” என்றான். அவன் வீட்டுக்குப் போய், மாடியில் அவன் சிஸ்டம் முன்னால் உட்கார்ந்தேன். நான் நினைத்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன், “முதல்ல முழுசா பிளாக் அண்ட் ஒயிட்தாண்ணே பண்ணேன். பூ தெரியவே இல்ல” என்றான். கேமரா பதிந்த மூலக் கோப்பை, நாம் ரா என்பதை, திறந்து காட்டினான். சரிதான். கனகாம்பரமும் பாட்டியின் விரல்களும் ஏறக்குறைய ஒரே சாம்பல். கைக்குள்ளே பூ இருக்கிறதா, கை வீங்கியிருக்கிறதா என்று தெரியவில்லை. ஆரஞ்சு ஸ்லைடரை ஏற்றினால் பூ வெளுக்கிறது, கூடவே பாட்டியின் முகமும் சுண்ணாம்பு பூசியது போல ஆகிறது. நம் தோலும் ஆரஞ்சு வீட்டுப் பிள்ளைதான். சிவப்பு ஸ்லைடரை இறக்கினால் உதடு கறுக்கிறது. அவனும் எல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் அந்த வழிக்குப் போயிருக்கிறான். அந்தப் பட்டுச் சேலை நாளில் நான் நின்ற அதே இடத்தில் அவனும் நின்றிருக்கிறான்.

“பூவுக்கு ஒரு மாஸ்க் வெட்டினியே, அது இருக்கா?” என்றேன். இருந்தது. “அதையே வச்சுக்க. கலரைத் திறக்காத. வெளிச்சத்தை அரை ஸ்டாப் ஏத்து.” (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு.) ஏற்றினான். “கைக்கு ஒரு மாஸ்க். கால் ஸ்டாப் இறக்கு. உள்ளங்கைய மட்டும் விட்டுடு, பூவோட வெளிச்சம் அங்க ஏறட்டும்.” இப்படி முக்கால் மணி நேரம். டீ இரண்டு முறை வந்தது. பூ கையைவிட்டு மெல்லப் பிரிந்து வந்தது. ஆனால் நாங்கள் இருவருமே எதிர்பாராதது நார். தண்ணீரில் நனைத்த வாழைநார், வெயில் பட்டு, விரலுக்கும் பூவுக்கும் நடுவே ஒரு வெள்ளிக்கோடாக மின்னியது. அந்த ஆரஞ்சு இருந்தவரை அந்தக் கோடு யார் கண்ணிலும் படவில்லை. தம்பி ஜூம் செய்தான். பாட்டியின் ஆள்காட்டி விரல் பக்கவாட்டில், நார் ஓடி ஓடி அறுத்த தடம் ஒன்று, பழைய கிணற்றடிக் கல்லில் கயிறு பதிந்திருக்குமே, அது மாதிரி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் எடுத்த படம்தாண்ணே” என்றான்.

பரிசைத் திரும்ப வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அது அநியாயம். விதி எழுதாதது நம் குற்றம், மார்க் போட்டது நடுவர்கள். கேடயம் அவனிடமே இருக்கட்டும்.

அடுத்த வருடத்துக்கு நான் கேட்பது கொஞ்சம்தான். விதித்தாளில் அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக ஃபியாப் சொல்வதைத் தமிழில் எழுதி அச்சடியுங்கள்: முழுப் படத்துக்கும் ஒரே டோன் என்றால் கறுப்பு-வெள்ளைப் பிரிவு, ஒரு இடத்தில் நிறம் இருந்தாலும் கலர் பிரிவு. இப்படி ஒரு இடத்துக்கு மட்டும் கலர் விடுகிற செலக்டிவ் கலர்காரர்களை விரட்ட வேண்டாம். அவர்கள் கலர் பிரிவுக்கு வரட்டும். வந்தால் அங்கே கலருக்கான கேள்விகளைக் கேளுங்கள். இந்த நிறம் பக்கத்தில் எங்கே ஏறியிருக்கிறது, நிழலில் எப்படி மாறுகிறது, ஏன் இந்த நிறம், ஏன் மற்றது வேண்டாம்? பதில் இருக்கிற படம் நிற்கும். இந்தியப் புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங் கலருக்கே பெயர்பெற்றவர். அவர் படங்களில் ஒரு தெருவில் ஏழு நிறம் இருந்தால் ஏழும் ஒன்றோடொன்று பேசும். அப்படிப்பட்ட படங்களுக்குப் பக்கத்தில் உட்காரும்போதுதான் நம் ஒற்றை ஆரஞ்சு எவ்வளவு தனியாக இருக்கிறது என்று தெரியும்.

இன்னொன்று, திரையில் போட்டு ஐந்து விநாடியில் மார்க் போடுகிற பழக்கம். அது ‘ஓ’ போட வைக்கிற படத்துக்குத்தான் வசதி. சாம்பல் படம் மெதுவாகத்தான் பேசும். முதல் சுற்றைத் திரையில் முடியுங்கள், ஆட்சேபணை இல்லை. கடைசிப் பத்துப் படங்களைப் பிரிண்டாக மேசையில் பரப்பி, நடுவர்களுக்கு அரைமணி நேரம் கொடுங்கள். பிரிண்ட் செலவு அதிகம் என்று பொருளாளர் சொல்வார், தெரியும். சால்வைகளைக் குறைத்தால் சரியாகிவிடும். என் சால்வையிலிருந்தே தொடங்கலாம்.

சாம்பலைப் பிரிப்பது பற்றி ஒரு பட்டறை வைத்தால் நான் வருகிறேன், காசு வேண்டாம். இப்போது போனிலேயே ஒரு தட்டில் ஆள் மட்டும் கலர், பின்னணி சாம்பல் என்று ஆக்கிக் கொடுத்துவிடுகிறது. கூகுள் போட்டோஸில் அது வந்து வருடங்கள் ஆகின்றன. சுதந்திர தினம் வந்தால் பழைய படங்களில் கொடிக்கு மட்டும் மூவர்ணம் பூசி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வாடிக்கையாளர் அதை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கட்டும். போன் ஒரு தட்டில் செய்கிற ஒன்றைக் காசு வாங்கிக்கொண்டு செய்து தருகிறோம் என்று நாம் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்க முடியும் என்பதைத் தொழில் பார்க்கிற எல்லோரும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள். கல்யாண ஆல்பத்தில் கேட்டால் நானும் இன்றைக்கும் போட்டுத்தான் கொடுப்பேன், பொய் சொல்லவில்லை. போட்டி மேசை வேறு, கடை மேசை வேறு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுவேன். தம்பியின் சம்மதத்தோடு அந்தப் பாட்டி படத்தின் முழுச் சாம்பல் பிரிண்ட் ஒன்றும், பரிசு வாங்கிய பிரிண்டும் கொண்டுவருகிறேன். கூடவே, அப்பா சிவப்பு கூடிவிட்டது என்று ஒதுக்கிய அந்த முதல் பிரிண்ட். இத்தனை வருடத்தில் குங்குமம் வெளுத்துத் தாமரை நிறமாகிவிட்டது, முகம் அப்படியே இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செயலாளர் தம்பி, ஜன்னலோர மேசையை எனக்கு ஒதுக்கி வையுங்கள். டியூப் லைட்டில் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
கடைத்தெரு ஸ்டுடியோக்காரன்,
உங்களில் ஒரு மூத்த உறுப்பினன்